காரணம் கேட்கப்படாத ஒரு வரி: தமிழக எத்திக்ஸ் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இயங்கும் நிறுவன நெறிமுறைக் குழுக்களின் தலைவர்கள், உறுப்பினர் செயலர்கள், உறுப்பினர்கள்

நகல்: தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், மக்கள் நல்வாழ்வுத் துறை

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் பார்வைக்கு வரும் ஆய்வு முன்வரைவுகளில், ‘சேர்க்கப்படாதோர்’ என்ற தலைப்பின்கீழ் பெரும்பாலும் மாறாமல் வரும் வரி ஒன்று உண்டு: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தை பெறும் வயதுடைய பெண்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் அந்த வரி இருந்தால் அதற்கு ஏதேனும் காரணம் இருக்கலாம். ஆனால் மருந்தே கொடுக்காமல் ஐந்து மில்லி இரத்தம் மட்டும் எடுக்கும் ஆய்விலும் அது வருகிறது. கேள்வித்தாள் நிரப்பும் ஆய்விலும் வருகிறது. போன ஆண்டு தீசிஸிலிருந்து இந்த ஆண்டு மாணவர் எடுத்து ஒட்டுகிறார், கைடு கையெழுத்திடுகிறார், கமிட்டியும் அனுமதித்துவிடுகிறது.

அந்த வரிக்குக் காரணம் எழுதித் தராத எந்த முன்வரைவையும் இனி அனுமதிக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். இதை டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம். தமிழகத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் கணிசமானவை முதுநிலை மாணவர்களின் தீசிஸ்கள். புதிய மருந்து எதுவும் இல்லாததால் அவை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் மேசைக்குப் போவதே இல்லை. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற கேள்வி உங்கள் கூட்டத்திலேயே முடிந்துபோகிறது.

பெண்ணையும் கருவையும் காப்பதற்காகத்தான் விலக்குகிறோம் என்பது கமிட்டிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அந்த அக்கறையை நாங்கள் சந்தேகிக்கவில்லை. அதற்கு ஆதாரமாக எப்போதும் தாலிடமைடு எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கை கால்களைக் குறைத்தது. அந்தத் தாய்மார்கள் கண்காணிப்புடன் நடந்த ஆய்வொன்றில் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். கர்ப்பத்தில் அது பாதுகாப்பானதா என்று முறையாகச் சோதிக்காமலே கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு விற்கப்பட்ட மருந்தை விழுங்கியவர்கள். சோதிக்காமல் விட்டதால் நேர்ந்த அழிவு, சோதனையிலிருந்து பெண்களை விலக்குவதற்கான காரணமாக மாற்றப்பட்டது. 1977-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், குழந்தை பெறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை ஆய்வுகளிலிருந்து விலக்கி வழிகாட்டுதல் வெளியிட்டது. 1993-இல் அதைக் கைவிட்டது. அங்கே கைவிடப்பட்ட வழக்கம் நம் முன்வரைவுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது.

விலக்கினால் ஆபத்து மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஆய்வில் கண்காணிப்பு உண்டு, கணக்கு உண்டு, ஏதேனும் நேர்ந்தால் இழப்பீடு உண்டு. வார்டில் அதே மருந்தை அதே கர்ப்பிணிக்கு எழுதித் தரும்போது இவை எதுவும் இல்லை. ஐசோநயாசிட் 1952 முதல் காசநோய்க்குப் பயன்பட்டு வரும் மருந்து. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு அதைத் தடுப்பு மருந்தாகத் தரலாம் என்பது பரிந்துரையாகவும் இருந்தது. கர்ப்பத்திலேயே தொடங்குவதா, பிரசவத்துக்குப் பின் தொடங்குவதா என்று இந்தியா உட்பட எட்டு நாடுகளில் 956 கர்ப்பிணிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல்தான் வெளியானது. கருச்சிதைவு, குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு போன்ற பாதகங்கள், கர்ப்பத்தில் தொடங்கிய குழுவில் 23.6 சதவீதம், பிரசவத்துக்குப் பின் தொடங்கிய குழுவில் 17 சதவீதம். இதை அறிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடைப்பட்ட காலத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

சேர்த்துக்கொண்டு நடத்தவும் முடியும். சூல்வலிப்புக்கு, அதாவது கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் வலிப்புக்கு, மெக்னீசியம் சல்பேட் தருவதை இன்று எந்தப் பிரசவ வார்டும் கேள்வி கேட்பதில்லை. முன்சூல்வலிப்புள்ள 10,141 பெண்களிடம் 33 நாடுகளில் நடந்து 2002-இல் முடிவு வெளியான ஆய்வு, அந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று உறுதி செய்தது. கோவிட் காலத்தில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்டது. அங்கே சோதிக்கப்பட்ட டெக்சாமெத்தசோன் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் என்பதால், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் அதற்குப் பதிலாக நாளொன்றுக்கு 40 மி.கி. பிரெட்னிசோலோன் அல்லது 80 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் இருவேளை என்று முன்வரைவிலேயே எழுதி வைத்தார்கள். ஆளை விலக்காமல் மருந்தை மாற்றினார்கள். பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில், வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கான பதிவேடு 1998 முதல் நடக்கிறது. அங்கே யாருக்கும் புதிதாக எந்த மருந்தும் தரப்படுவதில்லை. ஏற்கெனவே சாப்பிடும் மருந்தின் விளைவு முறையாக எழுதப்படுகிறது. ஒரு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு, நரம்பியல் துறைகள் சேர்ந்தால் தமிழகத்திலும் தொடங்கக்கூடிய வேலை இது.

இனி, அந்த வரி உங்கள் முன் வரும்போது என்ன கேட்பது? கர்ப்பிணிக்கு இந்த ஆய்வால் கூடுதலாக என்ன ஆபத்து என்பதே முதல் கேள்வி. எதுவும் இல்லையென்றால் வரியை அடித்துவிட்டு அனுப்புங்கள். அடுத்து, இந்த மருந்து இப்போதே உங்கள் வார்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படுகிறதா என்று கேளுங்கள். தரப்படுகிறது என்றால் அவர்களைச் சேர்க்காமல் இருப்பதற்குத்தான் கூடுதல் விளக்கம் வேண்டும். கருவுக்குத் தீங்கு செய்வதாக உறுதியாகத் தெரிந்த வால்ப்ரோயேட், மெத்தோட்ரெக்சேட், வார்ஃபரின் போன்ற மருந்தாக இருந்தால் விலக்கலாம், தயங்க வேண்டாம். அப்போதும் எவ்வளவு காலத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். பாலூட்டுவோரைக் கர்ப்பிணிகளோடு ஒரே வரியில் கட்டுவதையும் நிறுத்த வேண்டும். தாய்ப்பாலில் எவ்வளவு மருந்து கலக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு பதில். பல மருந்துகளில் அந்த அளவு மிகக் குறைவு.

‘குழந்தை பெறும் வயது’ என்ற சொல்லை முன்வரைவில் அனுமதிக்கவே கூடாது. வயதை வைத்து விலக்குவதில் பொருளில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இருபத்தைந்து வயதில் ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணை ‘கருத்தரிக்கக்கூடும்’ என்று சொல்லி நாற்பத்தைந்து வயதில் ஆய்விலிருந்து விலக்குவது எந்த வகைப் பாதுகாப்பு?

கருத்தரிக்க உண்மையிலேயே வாய்ப்புள்ளவர்களுக்கு நடைமுறை எளிது. சேர்க்கும் நாளில் சிறுநீர்ப் பரிசோதனை, முதல் மருந்துக்கு முன் மீண்டும் ஒன்று, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. உறவுக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் செய்யும் பரிசோதனை ‘இல்லை’ என்று காட்டினாலும் கர்ப்பம் இருக்கக்கூடும். ஆகவே ஆபத்தான மருந்தென்றால், மாதவிடாய் தொடங்கி ஏழு நாட்களுக்குள் முதல் டோஸைத் தரும்படி நாள் குறியுங்கள். இரண்டு கருத்தடை முறைகள் கட்டாயம் என்று அச்சிட்ட படிவத்தைத் திருமணமாகாத பெண்ணிடம், அம்மா பக்கத்தில் இருக்கும்போது நீட்டினால் அவர் ஆய்வில் சேரமாட்டார். கேள்வி தனியறையில், பெண் ஊழியரால் கேட்கப்பட வேண்டும். உறவு இல்லை என்று அவர் சொல்வதும் ஏற்கத்தக்க பதிலாக இருக்க வேண்டும்.

நடுவில் ஒருவர் கருவுற்றால்? இப்போதைய வழக்கம், ‘விலகினார்’ என்று எழுதிப் பெயரை நீக்குவது. எல்லாத் தவறுகளிலும் இது பெரியது. மருந்தை நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்தலாம். ஆனால் அவருடைய ஒப்புதலோடு பிரசவம் வரை தொடர்ந்து, குழந்தையின் எடை, பிறந்த வாரம், குறைபாடு ஏதும் உண்டா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். கருவுக்கு ஏற்படும் பாதிப்பையும் இழப்பீட்டுக்குரிய காரணமாக 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சேர்த்திருக்கின்றன. ஆய்வை நடத்தப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் தரும் காப்பீட்டுப் பத்திரத்தில் அது விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை உங்கள் சட்ட உறுப்பினர் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பெயர் சொல்லி விலக்குவது கண்ணுக்குத் தெரியும். எண்ணாக வந்து விலக்குவது தெரியாது. ‘ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேல்’ என்ற நிபந்தனை எவ்வளவோ முன்வரைவுகளில் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அந்த ஒற்றை நிபந்தனை பாதிப் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இரத்தப்போக்கு ஆபத்துள்ள மருந்துக்கு அது நியாயம். தோல் களிம்பு ஆய்வுக்கு எதற்கு?

இதயநோய் ஆய்வுகளில் ‘65 வயதுக்குள்’ என்று வரம்பு போடுவது இன்னொன்று. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 9 ஆண்டுகள் தள்ளியே வந்தது. வயது வரம்பு இருபாலருக்கும் ஒன்றுபோல் தெரிந்தாலும் அது வெட்டுவது பெரும்பாலும் பெண்களை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியாட்டினினில் கதை தலைகீழ். 1.2 மி.கி. என்ற ஒரே அளவுக்கு, 45 வயது ஆணின் சிறுநீரக வடிகட்டும் திறன் (ஜி.எஃப்.ஆர்.) நிமிடத்துக்கு ஏறத்தாழ 76 மில்லி. அதே வயதுப் பெண்ணுக்கு 57 மட்டுமே. தசை குறைவாக இருப்பதால் கிரியாட்டினின் எண் நல்லதாகத் தோன்றுகிறது. ‘1.5-க்குக் கீழ்’ என்று எழுதினால் சிறுநீரகம் பழுதான பெண்களைத் தெரியாமலே உள்ளே விட்டு, ஆணுக்கான டோஸையும் கொடுத்துவிடுவோம். கிரியாட்டினினை விட்டுவிட்டு, பாலினமும் வயதும் சேர்த்துக் கணக்கிட்ட ஜி.எஃப்.ஆர். அளவை நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்.

வாட்ஸாப்பில் தொடர்வோம் என்ற திட்டமும் இப்படித்தான். அதே குடும்பநல ஆய்வில், தமிழகப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தானே பயன்படுத்தும் கைபேசி இல்லை. மகனின் எண்ணுக்கு அனுப்பும் மாதவிடாய்க் கேள்விக்குப் பதில் வராது. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், சமைத்து வைத்துவிட்டு வேலைக்கும் போக வேண்டியவர் எப்படி வருவார்? அன்றைய கூலியும் பேருந்துச் செலவும் துணைக்கு வருபவரின் செலவும் பட்ஜெட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதயநோய் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஆய்வின் குறையும் சிகிச்சையின் குறையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அமெரிக்காவில் 55 வயதும் அதற்குக் குறைவுமான மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த விர்கோ ஆய்வில், மாரடைப்புக்கு அனுமதிக்கப்படும் முன்பே அறிகுறிகளோடு மருத்துவரிடம் போனவர்களுள் பெண்களில் 53 சதவீதம் பேர் ‘இது இதயம் சம்பந்தப்பட்டதல்ல’ என்று மருத்துவர் நினைத்ததாகச் சொன்னார்கள். ஆண்களில் அது 37 சதவீதம். பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மை அறிகுறி என்பதை மறக்கக் கூடாது. அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி எல்லாம் கூடுதலாக வருவதால் ‘கேஸ் டிரபிள்’ என்று அனுப்பிவிடுவது எளிதாகிறது. இ.சி.ஜி. பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். திரை இல்லை, பெண் ஊழியர் இல்லை என்று அது தாமதமாகிறது. எடுக்கும்போதும் கூச்சத்தால் மார்பின் மேல் எங்கோ லீடை ஒட்டிவிட்டால், இ.சி.ஜி.யில் மேல்நோக்கி எழும் ஆர் அலை வளராததுபோல் தெரிந்து பழைய மாரடைப்பு என்று தவறாகப் படிக்கப்படும். மார்பகத்தை மெல்ல உயர்த்தி, ஐந்தாவது விலா இடைவெளியில் காறை எலும்பின் நடுக்கோட்டுக்கு நேராக, மார்பகத்துக்குக் கீழே நான்காவது லீடை வைப்பதே முறை. இ.சி.ஜி.யை அளவீடாகக் கொண்ட எந்த தீசிஸிலும் இந்த ஒரு வாக்கியம் செய்முறையில் இருக்க வேண்டும்.

இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனினிலும் அப்படியே. பரவலாகப் பயன்படும் அபாட் நிறுவனத்தின் உயர் உணர்திறன் ட்ரோபோனின்-ஐ சோதனைக்குப் பெண்ணுக்கான வரம்பு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆணுக்கு 34. ஆய்வகம் இருவருக்கும் ஒரே வரம்பு அச்சிட்டுத் தந்தால், இடைப்பட்ட அளவுள்ள பெண்கள் ‘நார்மல்’ என்று திரும்புவார்கள். மாரடைப்பு ஆய்வுக்கு அவர்கள் தகுதி பெறவும் மாட்டார்கள். வரம்பை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் ஸ்காட்லாந்தில் 48,282 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. தனி வரம்பு வந்ததும் கூடுதலாகப் பெண்கள் கண்டறியப்பட்டார்கள். ஆனால் ஆண்களுக்குக் கிடைத்த சிகிச்சையில் பாதியளவே அவர்களுக்குக் கிடைத்தது, பலனும் கூடவில்லை. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் தரப்படுகின்றன. நல்ல திட்டம். யாருக்கு எத்தனை நிமிடத்தில் தரப்பட்டது என்பதை ஆண், பெண் எனப் பிரித்து வெளியிடும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது முடிவுகள். பெண்களைச் சேர்த்துவிட்டு, கடைசியில் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போட்டால் சேர்த்ததில் பாதிப் பயன் போய்விடும். இதய பலவீனத்துக்கு டிகாக்சின் தந்த 6,800 பேர் ஆய்வின் முடிவு 1997-இல் வந்தபோது, மருந்தால் இறப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. 2002-இல் அதே தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்த பெண்களில் 33.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை எடுத்த பெண்களில் 28.9. ஆண்களில் அப்படியொரு கூடுதல் இல்லை. தூக்க மருந்தான சோல்பிடெம் 1992-இல் அனுமதி பெற்றது. 10 மி.கி. எடுத்து எட்டு மணி நேரம் ஆன பின்பும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து பெண்களில் 15 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 3 சதவீதம் பேருக்கும் இரத்தத்தில் இருந்தது. பெண்களுக்கான டோஸ் 5 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது 2013-இல். அதுவரை இருபது ஆண்டுகள் அவர்கள் காலையில் தள்ளாடியிருக்கிறார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து ஆர்வலர்களே செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அறுபது பேர் தீசிஸில் ஆணுக்குத் தனி பி-மதிப்பு (0.05-க்குக் கீழ் வந்தால் பலன் உண்டு என்று வழக்கமாகக் கொள்ளப்படும் புள்ளியியல் எண்), பெண்ணுக்குத் தனி பி-மதிப்பு என்று கேட்பது சரியில்லை. ஒரு பக்கம் 0.04, மறுபக்கம் 0.09 வந்தால் ‘மருந்து ஆண்களுக்கு மட்டும் வேலை செய்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். ஆண், பெண் பலன்களுக்கு இடையிலான வேறுபாட்டையே சோதிக்க வேண்டும். அதற்கு, முதன்மை விளைவைக் கண்டறியத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். சிறிய ஆய்வில் சோதனை வேண்டாம், எண்கள் போதும்: எத்தனை பெண்களைப் பரிசீலித்தார்கள், எந்த நிபந்தனையால் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், ஒவ்வொரு குழுவிலும் பலனும் பக்கவிளைவும் ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு. பின்னிணைப்பில் ஒரு அட்டவணை இருந்தால், பத்துக் கல்லூரிகளின் தீசிஸ்களைச் சேர்த்து ஒருவர் நாளை உருப்படியான பதில் காண முடியும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவுசெய்யும் குலுக்கலையும் பாலினவாரியாகப் பிரித்து நடத்தச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் செலவில்லை.

ஒப்புதல் படிவம். குடும்பத்தினரைக் கலந்தாலோசிக்க விரும்பும் பெண்ணுக்கு அதற்கு இடம் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அது அவருடைய விருப்பம். அதைக் கணவரின் கையெழுத்துக்கான கட்டமாக மாற்றியிருக்கும் படிவங்களைத் திருப்பி அனுப்புங்கள். ஆய்வில் சேரப் பெண்களுக்குச் சம உரிமை உண்டு, காரணமின்றி அவர்களை விலக்கக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில்தான் இருக்கிறது. கமிட்டியில் குறைந்தது ஒரு பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று 2019 விதி சொல்கிறது. ஆனால் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஐவர் பட்டியலில் அவர் கட்டாயமில்லை. அவர் இல்லாத கூட்டத்தில் பெண்களை விலக்கும் முடிவு எதையும் எடுப்பதில்லை என்று உங்கள் நடைமுறை விதிகளில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். யார் அனுமதியும் தேவையில்லை.

விலங்கு ஆய்வுக் குழுக்களுக்கும் ஒரு சொல். பெண் எலிகளின் ஹார்மோன் சுழற்சி முடிவைக் கலைக்கும் என்பது பழைய நம்பிக்கை. பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண் சுண்டெலிகளைவிட அதிகம் சிதறுவதில்லை என்று 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார்கள். பாதிக்குப் பாதி சேர்ப்பதே முறை.

பல்கலைக்கழகத்துக்கு எங்கள் வேண்டுகோள் தலைப்புகள் பற்றியது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரைப் பாதிக்கிறது. நோய் பெயரிடப்படவே பல ஆண்டுகள் ஆகின்றன. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள், மாதவிடாய் நின்றபின் உடைந்த எலும்புகள், கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரையின் அளவு, கருத்தடை மாத்திரை சேர்ந்ததும் இரத்தத்தில் அளவு பாதியாகக் குறைந்துவிடும் வலிப்பு மருந்தான லாமோட்ரிஜின்: ஒவ்வொன்றும் மூன்றாண்டில் முடிக்கக்கூடிய தீசிஸ். இவை மகப்பேறு துறைக்கு மட்டும் உரியவை அல்ல. பொது மருத்துவம், எலும்பு, நரம்பியல், மருந்தியல் துறைகளுக்கும் பட்டியலிட்டு அனுப்பலாம்.

நாங்கள் கேட்பது ஒரு பக்கப் படிவம். விலக்கப்படும் பெண்கள் யார், ஏன், எவ்வளவு காலத்துக்கு. எண் நிபந்தனைகள் பெண்களில் எத்தனை பேரை வெளியே தள்ளும். கருவுற்றால் என்ன செய்வீர்கள். அட்டவணை எந்தப் பின்னிணைப்பில். அடுத்த கூட்டத்திலிருந்து இதை முன்வரைவோடு சேர்த்துக் கேளுங்கள். ஆண்டறிக்கையில், அனுமதித்த ஆய்வுகள் எத்தனை, அவற்றில் பெண்களை விலக்கியவை எத்தனை என்ற இரண்டு எண்களை உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். படிவத்தை வடிவமைக்கவும், மாணவர்களுக்கும் கைடுகளுக்கும் அரைநாள் பயிற்சி நடத்தவும் எந்தக் கல்லூரி அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வு முறையியலிலும் பெண்கள் நலத்திலும் பணிபுரிவோர்